மானிப்பாய் காட்டிய வழி

திருக்கேதீஸ்வரத்தை அண்டிய கிராமவாசி மன்னார் பெரியாஸ்பத்திரியை அடையக் கடல்மீது செல்லும் பாலத்தைக் கடக்க வேண்டும். இலங்கையின் இத்தகைய ஊர்களில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நெடுங்காலம் கைகொடுத்தோர் அப்போதிக்கரிகளும் உதவி வைத்திய அதிகாரிகளுமே. இத்தகையோர் வைத்தியரின் மேற்பார்வையின்றி இயங்கலாமா என்பது இன்று உலகளாவிய விவாதம். அமெரிக்க மாநிலங்கள் சில கட்டுப்பாட்டைத் தளர்த்தியுள்ளன. பிரித்தானியாவில் 2025இல் வெளியான லெங் அறிக்கையோ இறுக்கமான வரையறைகளைப் பரிந்துரைத்தது.

இவ்வேளையில் வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீனை நாம் நினைவுகூர்தல் பொருந்தும். 1822இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் மாநிலத்தில் பிறந்த அவர், 1847இல் மிஷன் வைத்தியராக யாழ்ப்பாணம் வந்தார். மானிப்பாயில் நோயாளரைப் பராமரித்தவாறே 1848இல் மாணவர்க்கு வைத்தியம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பு வைத்தியக் கல்லூரி தோன்றியதோ 1870இல்தான். ஆங்கிலத்தில் தொடங்கிய கல்வியைப் பின்னர் தமிழுக்கு மாற்றினார். கற்றவர் ஊரோடு தங்கி ஊராருக்குத் தொண்டாற்ற வேண்டும் என்பதே அவர் நோக்கம். அதற்கென மேனாட்டு வைத்திய நூல்களைத் தமிழாக்கினார். அறுபதுக்கும் மேற்பட்டோரைப் பயிற்றுவித்தபின் 1873இல் தாயகம் திரும்பி, 1884இல் மறைந்தார்.

கிறீன் தம் மாணவரை என்றென்றும் தம் நிழலில் நிறுத்திவைக்கவில்லை. பயிற்சியின்றி ஊருக்கு அனுப்பவுமில்லை. தனித்தியங்கும் உரிமை தேர்ச்சியால் வரவேண்டும். ஆட்பற்றாக்குறையைச் சாட்டாக வைத்து வழங்கப்படலாகாது. தூரத்துக் கிராமத்து நோயாளிக்கு அரைகுறை வைத்தியமே போதுமென எண்ணுவோர் மானிப்பாயின் வரலாற்றைப் படிக்க வேண்டுமென்பதே நமது கருத்தாகும்.