மழை பயத்தில் பிறந்த வெளிச்சம்!
துணியைக் கட்டி வானம் காட்டிய காமிராமேன்

மழைக்குப் பயந்து செய்த ஒரு காரியம், சினிமாவில் வெளிச்சம் போடுகிற முறையையே மாற்றிவிட்டது! செய்தவர் கல்கத்தாக்காரர் சுப்ரதா மித்ரா. டைரக்டர் சத்யஜித் ரேயின் காமிராமேன்.

1930-ல் பிறந்த மித்ராவுக்கு சின்ன வயசிலேயே காமிரா ஆசை. பிரெஞ்சு டைரக்டர் ழான் ரெனுவார் 'தி ரிவர்' படம் எடுக்க கல்கத்தா வந்தபோது, வேலை கேட்டுப் போனார். கிடைக்கவில்லை. வேடிக்கை பார்க்க மட்டும் விட்டார்கள்.

வாலிபர் சும்மா நிற்கவில்லை. எந்த விளக்கு எங்கே, நடிகர் எங்கே என்று நோட்டில் படம் போட்டு வைத்தார். கடைசியில் படக்குழுவே அந்த நோட்டை வாங்கிப் பார்த்து விளக்குகளைச் சரிசெய்தது!

1952-ல் ரே 'பாதேர் பாஞ்சாலி'யைத் தொடங்கினார். காமிரா மித்ரா கையில். அதற்கு முன் சினிமா காமிராவை அவர் இயக்கியதே இல்லை. 1955-ல் வந்த படம் உலகப் புகழ் பெற்றது.

துணியில் வானம்

அடுத்தது 'அபராஜிதோ' (1956). காசியில் ஓர் ஏழைக் குடும்பம். தகப்பனார் செத்துப் போகிறார். தாயும் மகனும் தவிக்கிறார்கள். அவர்கள் குடியிருக்கும் முற்றம் வைத்த வீட்டை வெட்டவெளியில் செட் போட நினைத்தார்கள். மழை வந்தால்? ஸ்டூடியோவுக்குள் போட முடிவாயிற்று.

மித்ரா தகராறு செய்தார். முற்றத்தில் விழுவது வானத்து வெளிச்சம். அதற்கு நிழல் கிடையாது. ஸ்டூடியோ விளக்கோ ஆளுக்கு நாலு நிழல் காட்டும். காசி வீடு பொய்யாகிவிடும், கதையும் கெட்டுவிடும் என்று வாதாடினார். எடுபடவில்லை.

பிறகு அவரே வழி கண்டார். முற்றத்துக்கு மேலே வெள்ளைத் துணியைக் கட்டினார். விளக்குகளைக் கீழே வைத்து, துணியைப் பார்த்துத் திருப்பினார். துணியில் பட்டுத் திரும்பிய வெளிச்சம், வானத்திலிருந்து விழுவதுபோல மெத்தென்று இறங்கியது. பார்த்தவர்கள் நிஜமான காசி வீடு என்றே நம்பினார்கள்.

பிடிவாதம்

'சாருலதா'வில் (1964) பெரிய வீட்டில் தனியாகத் தவிக்கும் மனைவியின் கதைக்கும் வெளிச்சம் போட்டவர் அவரே. ஜன்னல் எந்தப் பக்கமோ, வெளிச்சமும் அந்தப் பக்கம்தான் வரவேண்டும் என்பார். திருப்தி வராமல் காமிராவை ஓடவிட மாட்டார்.

இதற்கிடையே ரே தாமே காமிராவை இயக்கத் தொடங்கினார். 1966-ல் வந்த 'நாயக்'குடன் இருவரும் பிரிந்தார்கள். அப்புறம் மித்ராவுக்குக் கிடைத்த படங்கள் கொஞ்சம்தான். 'நியூ டெல்லி டைம்ஸ்' படத்துக்காக தேசிய விருது வாங்கினார்.

கடைசி காலத்தில் கல்கத்தாவில் ரே பெயரில் அமைந்த திரைப்படக் கல்லூரியில் மாணவர்களுக்கு வெளிச்சப் பாடம் சொல்லிக் கொடுத்தார். 2001 டிசம்பரில் காலமானார்.