லூக்குல்லஸ்

லூசியஸ் லிசினியஸ் லூக்குல்லஸ் (அண். கி.மு. 118 – கி.மு. 57/56) என்பவர் பண்டைய உரோமைக் குடியரசின் படைத்தலைவரும் அரசியலாளரும் ஆவார். ஆடம்பர விருந்தைக் குறிக்கும் சொல்லும், கட்டட அழகுக்குப் பயன்பட்ட ஒருவகைப் பளிங்குக் கல்லும் இவரது பெயரால் அழைக்கப்படுகின்றன.

அரசியலும் போரும்

லூக்குல்லஸ் இளமையில் சுல்லாவின் கீழ்ப் பணியாற்றினார். சுல்லா தம் நினைவுக் குறிப்புகளை இவருக்கே உரித்தாக்கியதோடு, தம் மகனுக்கும் இவரைக் காப்பாளராக நியமித்தார். கி.மு. 74 இல் லூக்குல்லஸ் கான்சல் பதவி பெற்றார். பின்னர் பொந்தஸ் அரசன் ஆறாம் மித்ரிடேட்சை எதிர்த்துப் போரிட்டார். கி.மு. 69 இல் ஆர்மீனிய அரசன் திக்ரானசின் படையைத் திக்ரானோசெர்த்தா அருகே தோற்கடித்தார்.

கடன் சீர்திருத்தம்

ஆசிய மாகாணத்தின் மீது சுல்லா 20,000 தாலந்து தண்டம் விதித்திருந்தார். அதைப்போல் இருமடங்கைச் செலுத்திய பின்னரும், வட்டியால் அக்கடன் 1,20,000 தாலந்தாகப் பெருகியிருந்தது என புளூட்டார்க் எழுதியுள்ளார். லூக்குல்லஸ் மாத வட்டியை நூற்றுக்கு ஒன்றாகக் குறைத்தார். முதலை விஞ்சிய வட்டியை நீக்கினார். கடனாளியின் வருவாயில் நான்கில் ஒரு பங்கை மட்டுமே பெறலாம் என வரையறுத்தார். நான்கு ஆண்டுகளுக்குள் கடன்கள் தீர்ந்தன. ஆயினும் வருவாய் இழந்த கடன் கொடுத்தோர் உரோமில் இவருக்கு எதிராகச் செயற்பட்டனர். படைவீரரின் கீழ்ப்படியாமையும் சேர்ந்துகொள்ள, கி.மு. 66 இல் போரின் தலைமை பொம்பேயிடம் ஒப்படைக்கப்பட்டது.

செல்வ வாழ்வு

கி.மு. 63 இல் வெற்றி ஊர்வலம் நடத்திய பின், இவர் படிப்படியாகப் பொதுவாழ்விலிருந்து விலகினார். பின்சியக் குன்றில் பெருந்தோட்டம் அமைத்தார். நேப்பிள்சு அருகே மலையைக் குடைந்து மீன்குளங்களுக்குக் கடல்நீர் கொணர்ந்தார். இவரது நூலகம் கிரேக்க அறிஞர்களுக்குத் திறந்திருந்தது. செர்ரி மரத்தைப் பொந்தசிலிருந்து இத்தாலிக்கு முதலில் கொணர்ந்தவர் இவரே என மூத்த பிளினி குறிப்பிடுகிறார்.

பெயர் வழக்கு

ஆங்கிலத்தில் லுக்கல்லன் என்னும் சொல் மிக ஆடம்பரமான விருந்தைக் குறிக்கும். இவர் விரும்பி உரோமுக்குக் கொணர்ந்த கருநிறக் கல் லூக்குல்லப் பளிங்கு எனப்பட்டது. பளிங்குகளுள் விரும்பியவரின் பெயரைப் பெற்றது ஏறக்குறைய இது ஒன்றே என்கிறார் பிளினி. கரிய பரப்பில் செந்நிறமும் பச்சையும் கலந்த ஆப்பிரிக்கானோ என்னும் கல்லே இது என ஆய்வாளர் கருதுகின்றனர். பெயர் அவ்வாறு இருப்பினும் அக்கல் ஆப்பிரிக்காவைச் சேர்ந்ததன்று. இன்றைய துருக்கியின் மேற்குக் கரையிலுள்ள தியோஸ் அருகே வெட்டப்பட்டது. லுக்குல்லைட்டு என்னும் கருநிறச் சுண்ணாம்புக்கல் வகையின் பெயரும் இவரிடமிருந்தே வந்தது.

கடன் தீர்ந்த ஆசிய நகரங்கள் இவரைப் போற்றி லூக்குல்லியா என்னும் விழாவை எடுத்தன. அவ்விழா மறைந்து, விருந்தின் பெயரே நிலைத்துவிட்டது என்பது குறிப்பிடத்தக்கது.