கருவூலக் குமாஸ்தாவின் 37,000 இரவுக் குறிப்புகள்

பிறை பார்க்க மொட்டை மாடியில் ஏறி, மஃரிபுக்குப் பின் மேற்கு வானத்தைத் துழாவாத குடும்பம் நம்மில் குறைவு. பிறை தெரிந்ததும் இறங்கி விடுகிறோம். ராதா கோபிந்த சந்திரா இறங்காமல் நின்றவர்.

இன்று வங்காள தேசத்தில் இருக்கும் ஜெசோர் பக்கத்துக் கிராமம் ஒன்றில் 1878ல் பிறந்தார். நுழைவுத் தேர்வில் மூன்று முறை தோற்றார். படிப்பு அத்தோடு நின்றது. ஜெசோர் கருவூலத்தில் மாதம் 15 ரூபாய்ச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்தார். வானத்தில் ஆர்வம் கொண்ட காளிநாத் முகர்ஜி என்ற வழக்கறிஞர் இவருக்கு நட்சத்திரங்களை அடையாளம் காட்டினார்.

1910ல் ஹாலி வால்மீன் வந்தபோது இவரிடம் இருந்தது ஒரு சாதாரண பைனாகுலர். அதைக் கொண்டே பார்த்துக் குறித்தார். பிறகு 1912ல் இங்கிலாந்திலிருந்து மூன்று அங்குலத் தொலைநோக்கி ஒன்றை வரவழைத்தார். அவருடைய சம்பளத்துக்கு அது சிறு செலவல்ல.

1918 ஜூனில் கழுகு விண்மீன் கூட்டத்தில் புதிதாக ஒரு ஒளி தெரிந்தது. 'பறக்கும் கழுகு' என்ற அரபுப் பெயரிலிருந்து வந்த அல்டேர் இருக்கும் அதே பகுதி. அந்த நோவாவை உலகில் முதலில் கண்ட சிலரில் இவரும் ஒருவர். தொலைநோக்கி கண்டுபிடிக்கப்பட்ட பின் தோன்றிய நோவாக்களில் மிகப் பிரகாசமானது அதுதான். இவர் எழுதிய குறிப்பு அமெரிக்காவின் ஹார்வர்டுக்குச் சென்றது. ஒளி மாறும் விண்மீன்களைக் கவனிப்போரின் அமெரிக்கச் சங்கத்தில் உறுப்பினரானார்.

அவர் செய்த வேலை கேட்க எளிதானது. சில விண்மீன்கள் கூடிக் குறைந்து ஒளிரும். ஒளி மாறாத பக்கத்து விண்மீன்கள் இரண்டை எடுத்து, இது எதைவிட மங்கல், எதைவிடப் பிரகாசம் என்று கண்ணால் மதிப்பிட்டு, நேரத்தோடு எழுத வேண்டும். கேமரா தேவையில்லை. தேவைப்பட்டதெல்லாம் இருட்டும் பொறுமையும்தான். பகலில் அலுவலகம், இரவில் இது. 1919 முதல் 1954 வரை 37,000க்கும் மேற்பட்ட மதிப்பீடுகளை அனுப்பினார். பெரிய ஆய்வுக்கூடங்களால் ஒவ்வொரு விண்மீனையும் இரவெல்லாம் காத்திருந்து பார்க்க இயலாது. அந்த இடத்தை இவரைப் போன்றவர்கள் நிரப்பினார்கள்.

1926ல் அந்தச் சங்கம் ஆறு அங்குலத்துக்குச் சற்று மேற்பட்ட தொலைநோக்கி ஒன்றை அவருக்கு இரவலாக அனுப்பியது. இரண்டு ஆண்டுகளில் பிரெஞ்சு அரசின் கௌரவமும் வந்தது. ஆனால் தேர்வில் தோற்ற குமாஸ்தாவை உள்ளூரில் யார் பெரிதாக எண்ணியிருப்பார்கள்!

பிரிவினைக்குப் பின் ஊரை விட்டு, கல்கத்தா அருகே பாராசாத்தில் குடியேறினார். முதுமை வறுமையில் கழிந்தது. 1975ல் இறந்தார்.

அவர் கண் வைத்துப் பார்த்த அந்த இரவல் தொலைநோக்கி வானியலாளர் வைணு பாப்புவின் கைக்கு மாறி, பின்னர் அவர் நிறுவிய காவலூர் ஆய்வுக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கடத்தூரிலிருந்து ஊத்தங்கரை, திருப்பத்தூர் தாண்டிப் போனால், ஆலங்காயத்துக்கு மேலே ஜவ்வாது மலையில் இருக்கிறது காவலூர்.