ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார்

இலண்டன் மாநகரில், 1920ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 25ஆம் நாள், செல்வம் நிறைந்த யூதக் குடும்பத்தில் தோன்றியவர் ரோசலிண்ட் பிராங்க்ளின் அம்மையார். கேம்பிரிட்ஜில் வேதியியல் பயின்று, நிலக்கரியை ஆராய்ந்து 1945இல் டாக்டர் பட்டம் பெற்றார். பின்னர்ப் பாரிஸ் நகரில், எக்ஸ் கதிர்களைப் பொருள்களின் ஊடே செலுத்தி, அவற்றின் நுண்ணிய அமைப்பைப் படத்தால் அறியும் அரிய கலையிற் கைதேர்ந்தார்.

1951இல் இலண்டன் கிங்ஸ் கல்லூரிக்கு வந்தார். உயிர்களின் மரபைத் தாங்கும் டி.என்.ஏ. என்னும் பொருளின் வடிவம் அந்நாளிற் புதிராகவே இருந்தது. மறு ஆண்டில் அம்மையாரும் அவர்தம் மாணவரும் அறுபது மணி நேரத்துக்கு மேற் கதிரைச் செலுத்தி எடுத்த படமொன்று, அது திருகுசுருள் வடிவினது என்பதைத் தெளிவாகக் காட்டிற்று. அப்படம் அம்மையார் அறியாமலே வாட்சன் என்பாருக்குக் காட்டப்பட்டது. 1953இல் வாட்சனும் கிரிக்கும் முழு வடிவத்தையும் வெளியிட அது துணையாயிற்று. உழைத்தவரைக் கேளாது உழைப்பின் பயனைக் கொள்ளுதல் முறையன்று என்பதே எம் கருத்து. அம்மையாரோ பின்னாளில் அவ்விருவரிடத்தும் நட்புப் பாராட்டினார்.

1956ஆம் ஆண்டுக் கோடையில் அமெரிக்கா சென்றிருந்தபோது, வயிறு பருத்து, உடை இறுகக் கண்டார். நாடு திரும்பியபின் செய்த அறுவையில், சினைப்பையிற் புற்றுநோய் கண்டிருப்பது தெரிந்தது. இந்நோய் வஞ்சகமானது; வயிற்றினுள் ஓசையின்றிப் பரவும். கட்டியை அகற்றிய பின்னரும், கண்ணுக்குப் புலனாகாத சில அணுக்கள் எஞ்சி நின்று மீண்டும் தழைக்கும்.

அங்ஙனம் தழையாமல் தடுப்பது எவ்வாறு? இன்றைய மருந்துகள் சில, அம்மையார் படம் பிடித்த அந்த டி.என்.ஏ.வையே களமாகக் கொண்டுள்ளன. பிளாட்டினம் சேர்ந்த மருந்து, நோயுற்ற அணுவின் டி.என்.ஏ.வைப் பற்றிச் சிதைக்கின்றது. சிதைவைச் செப்பனிடும் ஆற்றல் அணுக்களுக்கு இயல்பாகவே உண்டு. அதனை முடக்கும் ஒலாபரிப் என்னும் மருந்துக்கு 2014இல் அமெரிக்க அரசு ஒப்புதல் அளித்தது. செப்பனிடும் திறனிற் பாதி முன்னரே இழந்த புற்றணுக்கள், மறுபாதியும் அடைபடவே மடிகின்றன. நோய் அறவே ஒழியாவிடினும், அது மீளும் காலம் பலருக்குத் தள்ளிப்போகின்றது.

அம்மையார் வாழ்ந்த நாளில் இவை எவையும் இல்லை. அறுவைக்குப் பின் கிரிக்கின் இல்லத்திற் சிலநாள் தங்கி உடல் தேறியவர், மீண்டும் ஆய்வுக்கூடம் புகுந்தார். புகையிலைச் செடியைத் தாக்கும் வைரஸின் அமைப்பை ஆராய்ந்தவர், இளம்பிள்ளைவாத வைரஸையும் ஆராயத் தொடங்கினார். நோய் திரும்பியது, ஆய்வை விட்டாரில்லை. 1958ஆம் ஆண்டு ஏப்ரல் 16ஆம் நாள், முப்பத்தேழாம் வயதில் இலண்டனில் உயிர் நீத்தார். அதற்கு மறுநாள் பிரஸ்ஸெல்ஸ் நகரில் உலகக் கண்காட்சி திறக்கப்பெற்றது; அங்கே அவர் அமைத்த வைரஸின் பெரிய மாதிரியுரு மக்கள் காண நின்றது.