புள்ளினங் காத்த றேச்சல் கார்சன் அம்மையார்

நாரையைத் தூதுவிட்ட சத்திமுத்தப் புலவரை நம் மாணவர் அறிவர். குருகையும் அன்றிலையும் மகன்றிலையும் பாடிய சங்கச் சான்றோரையும் அறிவர். பறவை இல்லாத வானத்தை அப்புலவர் எவரும் எண்ணியிரார். வசந்த காலம் வந்தும் பறவைகள் பாடாதொழியின் என்னாகும் என்னும் வினாவை உலகின்முன் வைத்தவர் ஐக்கிய அமெரிக்காவிற் பிறந்த ஒரு பெண்மணியாவர். அவரே றேச்சல் கார்சன் அம்மையார். அவர்தம் வரலாற்றை இவ்விழா மலரிற் சுருங்க உரைக்கப் புகுகின்றோம்.

பென்சில்வேனியா மாநிலத்திலே, அலகெனி ஆற்றின் அருகே அமைந்த ஸ்பிரிங்டேல் என்னும் சிற்றூரில், 1907ஆம் ஆண்டு மே மாதம் 27ஆந் திகதி அம்மையார் பிறந்தார். அவர் குடும்பம் செல்வக் குடும்பமன்று. அன்னையார் மரியா முன்னர் ஆசிரியத் தொழில் புரிந்தவர்; மகளைத் தோட்டத்திற்கும் காட்டிற்கும் அழைத்துச் சென்று புள்ளையும் பூச்சியையும் மரத்தையும் இனங்கண்டறியப் பழக்கினார். 1918ஆம் ஆண்டிலே, பதினொரு வயதில், அம்மையார் எழுதிய கதையொன்று சிறுவர் சஞ்சிகையில் அச்சேறியது. எழுத்தாளராதலே தம் வாழ்வின் நோக்கமெனக் கொண்டு, 1925இற் பென்சில்வேனியா மகளிர் கல்லூரியிற் சேர்ந்து ஆங்கில இலக்கியம் பயிலத் தொடங்கினார். ஆங்கே உயிரியல் கற்பித்த மேரி ஸ்கொற் ஸ்கின்கர் என்னும் ஆசிரியையின் வகுப்பு அவர் உள்ளத்தை ஈர்த்தது. இலக்கியத்தை விடுத்து உயிரியலை மேற்கொண்டார். எழுத்தைத் துறந்துவிட்டதாக அவர் அன்று வருந்தினார். பின்னாளில் அவ்விரு கல்வியும் ஒன்றாகி அவருக்குப் பெரும் படைக்கலமாயின.

1929இற் பட்டம் பெற்ற அம்மையார், அவ்வாண்டுக் கோடையில் மசாசூசெற்ஸ் மாநிலத்து வூட்ஸ் ஹோல் கடலாய்வு நிலையஞ் சென்றபோதே கடலை முதன்முறையாகக் கண்டார். 1932இல் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் விலங்கியலில் முதுமாணிப் பட்டம் பெற்றார். மேலும் ஆராயும் வேட்கை இருந்தும் வறுமை இடங்கொடுக்கவில்லை. 1935இற் தந்தையார் காலமானார். குடும்பச் சுமை மகளின் தோளில் விழுந்தது. அரசினர் மீன்வளப் பணியகத்தில் வானொலி உரைகள் எழுதிய அவர், 1936இல் அங்கு உயிரியலாளராக நிரந்தர நியமனம் பெற்றார். அடுத்த ஆண்டிற் தமக்கையார் இறக்க, அவர்தம் பெண்மக்கள் இருவரையும் வளர்க்கும் பொறுப்பும் வந்து சேர்ந்தது. பகலில் அலுவலகப் பணியும் இரவில் எழுத்துமாக ஆண்டுகள் கழிந்தன. 1951இல் அவர் வெளியிட்ட கடலைப்பற்றிய நூல் பல்லாயிரவர் விரும்பிப் படிக்கும் நூலாயிற்று. தேசிய நூற்பரிசும் பெற்றது. 1952இல் அவர் அரசாங்கப் பதவியைத் துறந்து முழுநேர எழுத்தாளரானார்.

இனி, அம்மையாரின் பெயரை நிலைநாட்டிய பணிக்கு வருவோம். டி.டி.ரி. என்னும் இரசாயனப் பொருள் பூச்சிகளைக் கொல்லும் என்பதை 1939இற் சுவிற்சர்லாந்து நாட்டுப் போல் முல்லர் கண்டறிந்தார். அதற்காக 1948இல் நோபெல் பரிசும் பெற்றார். இரண்டாம் உலகப் போரிற் படைவீரரை நோயினின்றுங் காத்த அம்மருந்து, போர் முடிந்தபின் வயலிலும் தோப்பிலும் நகர வீதியிலும் அளவின்றித் தெளிக்கப்பட்டது. 1945இலேயே அம்மையார் இதன் தீங்குபற்றிக் கட்டுரை எழுத விரும்பினார், சஞ்சிகையார் ஏற்கவில்லை. 1958 ஜனவரியில், மசாசூசெற்ஸில் வாழ்ந்த தோழியொருவர் எழுதிய கடிதம் அவர் கைக்கு எட்டியது. நுளம்பை ஒழிக்க விமானத்திலிருந்து தெளித்த மருந்தினால் தம் வளவிற் பறவைகள் இறந்து வீழ்ந்தமையை அக்கடிதம் உரைத்தது. அம்மையார் சான்று தேடப் புறப்பட்டார்.

அவர் திரட்டிய சான்றுகளுள் மூன்றை ஈண்டு எடுத்துக்காட்டுதும்.

மிச்சிகன் அரசுப் பல்கலைக்கழக வளவில் எல்ம் மரங்களை நோயினின்றுங் காக்க 1954 முதல் மருந்து தெளித்தனர். மருந்து இலையிற் படிந்தது, இலை உதிர்ந்தது, உதிர்ந்த இலையை மண்புழு உண்டது, மண்புழுவை றொபின் என்னும் செம்மார்புக் குருவி உண்டது. 1958ஆம் ஆண்டு வசந்தத்தில் அவ்வளவின் மையப் பகுதியிற் பறக்கத்தக்க றொபின் குஞ்சொன்றையேனும் பேராசிரியர் ஜோர்ஜ் வலஸ் காணவில்லை. பெரிய மண்புழுக்கள் பதினொன்றே ஒரு குருவியைக் கொல்லப் போதுமென வேறோர் ஆய்வு காட்டிற்று.

கலிபோணியா மாநிலத்துக் கிளியர் ஏரியிற் சிறு பூச்சிகளை ஒழிக்க டி.டி.டி. என்னும் மருந்தை 1949, 1954, 1957 ஆகிய ஆண்டுகளில் இட்டனர். நீரில் அதன் அளவு ஐந்துகோடியில் ஒரு பங்கே. ஆயின் நீரில் மிதக்கும் நுண்ணுயிர்களிற் பத்திலட்சத்துக்கு 5 பங்காயும், மீன்களில் அதனினும் மிக்கும், முக்குளிப்பான் பறவையின் கொழுப்பிற் பத்திலட்சத்துக்கு 1600 பங்காயும் அது பெருகியிருந்தது. அஃதாவது, நீரிலிருந்ததைவிட எண்பதினாயிரம் மடங்கு. ஆயிரம் இணைக்கு மேற் கூடுகட்டிய அவ்வேரியில் 1960இல் எஞ்சியவை ஏறக்குறைய முப்பது இணையே.

மூன்றாவது, அமெரிக்க நாட்டின் சின்னமாகிய வெண்டலைக் கழுகு. புளோரிடாக் கரையிற் கழுகுக் குஞ்சுகளுக்கு வளையமிட்டுவந்த சார்ள்ஸ் புறோலி, 1947இன் பின் கூடுகள் குஞ்சின்றி வெறிதாதலைக் கண்டார்.

இச்சான்றுகளையெல்லாம் தொகுத்து அம்மையார் எழுதிய 'மௌன வசந்தம்' 1962 செப்டெம்பர் 27இல் நூலாக வெளிவந்தது. சான்றுகளின் பட்டியல் மாத்திரம் 55 பக்கம். மருந்து வணிகர் சீறினர். ஒரு நிறுவனம் வழக்கிடுவதாகப் பதிப்பகத்தாரை அச்சுறுத்தியது. பெண்ணென்றும், மணமாகாதவரென்றும், உணர்ச்சிவசப்பட்டவரென்றும் இகழ்ந்தோர் பலர். அம்மையாரோ 1960இலேயே மார்பிற் புற்றுநோய்க்குச் சத்திரசிகிச்சை பெற்றிருந்தார். தம் நோய் வெளிப்படின் நூலின் நடுநிலையை ஐயுறுவர் எனக் கருதி அதனை மறைத்தே வாழ்ந்தார். 1963 மே மாதத்தில், சனாதிபதி கெனடியின் விஞ்ஞான ஆலோசனைக் குழு அவர் கருத்தைப் பெரிதும் ஆதரித்து அறிக்கை வெளியிட்டது. யூன் மாதத்திற் செனற் சபைக் குழுவின்முன் அமர்ந்து சாட்சியம் அளித்தார். 1964 ஏப்பிரில் 14இல், ஐம்பத்தாறாம் வயதில், உயிர்நீத்தார்.

கழுகின் கூடு வெறிதானதன் காரணம் அவர் மறைந்த பின்னரே முற்றத் தெளிவாயிற்று. இங்கிலாந்து நாட்டு டெரெக் றற்கிளிவ், பழைய முட்டைச் சேகரங்களை அளந்தும் நிறுத்தும், வல்லூறின் முட்டை ஓடு 1940களின் பிற்பகுதி தொட்டு மெலிந்தமையை 1967இல் நிறுவினார். டி.டி.ரி. உடலிற் சிதைந்து உண்டாகும் பொருள் ஓட்டிற்கு வேண்டிய சுண்ணம் சேர்வதைத் தடுக்கிறது. அடைகாக்கும் தாயின் பாரத்தால் முட்டை நொறுங்குகிறது. அமெரிக்கா 1972இல் டி.டி.ரி.யைத் தடைசெய்தது. அருகிய வெண்டலைக் கழுகு பெருகி, 2007இல் ஆபத்துக்குள்ளான இனங்களின் பட்டியலினின்றும் நீக்கப்பட்டது.

ஈண்டு நம் நாட்டவர் ஒன்று வினவக்கூடும். 1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கையில் ஏறத்தாழ 80,000 பேரை மாய்த்த மலேரியாவை அடக்கியது டி.டி.ரி. அன்றோ? ஆம். 1963இல் இந்நாட்டிற் பதிவான மலேரியா நோயாளர் பதினெழுவரே. பின்னர் 1968, 1969இல் நோய் மீண்டும் பரவி ஐந்து இலட்சத்துக்கு மேற்பட்டோரைப் பற்றியது. அப்பழியை அம்மையார்மீது சுமத்துவோர் உளர். அது நேர்மையன்று. நோய் ஏறக்குறைய ஒழிந்ததெனக் கருதியே தெளித்தல் கைவிடப்பட்டது, கண்காணிப்புந் தளர்ந்தது. மீளத் தெளித்தபோது அம்மருந்துக்கு நுளம்பு பழகிவிட்டிருந்தது. அளவின்றித் தெளிப்பின் பூச்சிகள் மருந்தை வெல்லும் என்று முன்னரே எச்சரித்தவர் அம்மையார். பூச்சிகொல்லிகளை முற்றாக விலக்குக என்று அவர் கேட்டாரல்லர். அறிந்து, அளவறிந்து, வேண்டிய இடத்து மாத்திரம் பயன்படுத்துக என்றே கேட்டார். நோயாளரைத் தேடிக் கண்டு மருந்தளித்தும், நுளம்பைப் பலவழியால் அடக்கியும் உழைத்த இலங்கை, 2016இல் மலேரியா அற்ற நாடெனச் சான்று பெற்றது.

மாணவர்களே! விஞ்ஞானம் பயில்வோர் மொழியை இகழ்தலும், மொழி பயில்வோர் விஞ்ஞானத்தை அஞ்சுதலும் நம்மிடையே உண்டு. தமிழ் கற்பிக்கும் யாமும் அக்குறைக்கு முற்றும் புறம்பல்லேம். ஆய்வாளர் பலர் தத்தம் ஏட்டிற் குறித்துவைத்த எண்களை, சாதாரண மக்களும் உணரும் வண்ணம் எடுத்துரைக்க ஓர் எழுத்தாளர் வேண்டியிருந்தார். எண்ணையும் எழுத்தையும் ஒருங்கே கற்ற ஒருவரால் அது கைகூடியது. நம் குடாநாட்டிலும் தோட்டந்தோறும் மருந்து தெளிக்கின்றோம்; நாம் பருகுவதோ நிலத்தடிக் கிணற்று நீர். வைகறையில் நம் வளவிற் கேட்கும் குயிலும் செண்பகமும் எத்துணை என்று எண்ணிக் குறித்துவைக்கும் மாணவர் ஒருவரேனும் இக்கல்லூரியில் தோன்றுவராயின், அம்மையாரின் வரலாற்றை இங்கு எழுதியதன் பயனை யாம் பெற்றேமாவோம்.