எரிக் எரிக்சன் (1902 – 1994): தந்தையின் பெயர் அறியாத பிள்ளையும் வாழ்வின் எட்டுப் பருவங்களும்

அறிமுகம்

மாணவர்களே, மனிதன் பிறந்தது முதல் இறக்கும் வரை உடலாலும் உள்ளத்தாலும் மாறிக்கொண்டே இருக்கின்றான். இம்மாற்றங்களை ஒழுங்காக ஆராயும் அறிவுத்துறை மனித விருத்தி எனப்படும். விருத்தி என்பது பிள்ளைப் பருவத்தோடு முடிந்துவிடுகின்றது என்றே முன்னர் பலர் எண்ணினர். அது முதுமை வரை தொடர்கின்றது எனக் காட்டியவர்களுள் முதன்மையானவர் எரிக் எரிக்சன். பல்கலைக்கழகப் பட்டம் எதுவும் பெறாத இவர், உலகப் புகழ்பெற்ற ஹாவார்ட் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். இவருடைய கொள்கையை விளங்கிக்கொள்வதற்கு இவருடைய வாழ்க்கையை முதலில் அறிவது நன்று. ஏனெனில், இவர் உலகத்திடம் கேட்ட கேள்வி, சிறுவயதில் தன்னிடமே கேட்ட கேள்வியாகும்.

1. இளமைக் காலம்

எரிக்சன் 1902 ஆம் ஆண்டு ஜூன் மாதம் 15 ஆம் திகதி ஜேர்மனியின் பிராங்பேர்ட் நகரில் பிறந்தார். தாயார் கார்லா ஆபிரகாம்சென், டென்மார்க்கின் தலைநகரான கோப்பன்ஹேகனைச் சேர்ந்த யூதக் குடும்பத்துப் பெண். கணவரைப் பிரிந்திருந்த காலத்திலேயே அவர் இப்பிள்ளையைக் கருவுற்றார். பிள்ளையின் உண்மையான தந்தை யார் என்பதை அவர் எவருக்கும் கூறவில்லை. எரிக்சனும் அதைத் தன் வாழ்நாள் முழுவதும் அறியாமலே இருந்தார்.

1905 இல் தாயார், கார்ள்ஸ்ரூ நகரில் பணியாற்றிய குழந்தை மருத்துவரான தியோடர் ஹோம்பேர்கரை மணந்தார். அவரே சொந்தத் தந்தை என்று சிறுவனுக்குக் கூறப்பட்டது. ஆனால் சிறுவனுடைய கண்கள் வேறு கதை சொல்லின. ஹோம்பேர்கர் யூதர். சிறுவனோ உயரமானவன், பொன்னிற முடியும் நீலக் கண்களும் உடையவன். யூதர்களின் தொழுகைக் கூடத்தில் பிள்ளைகள் அவனை அந்நியன் என்று கேலி செய்தனர். பாடசாலையில் ஜேர்மன் பிள்ளைகள் அவனை யூதன் என்று ஒதுக்கினர். அவனை இரு கூட்டமும் தமக்குரியவனாக ஏற்கவில்லை. நான் யார் என்ற கேள்வி இங்கேதான் முளைவிட்டது.

மாற்றாந்தந்தை அவரை மருத்துவராக்க விரும்பினார். எரிக்சனோ பாடசாலைக் கல்வியை முடித்ததும் ஓவியம் கற்கத் தொடங்கினார். சில ஆண்டுகள் ஐரோப்பாவின் பல இடங்களில் ஒரு தொழிலிலும் நிலைகொள்ளாமல் அலைந்தார். பிற்காலத்தில் இவர், இளைஞர்கள் தம்மைத் தேடிக்கொள்வதற்குச் சமுதாயம் சிறிது கால அவகாசம் கொடுக்க வேண்டும் என எழுதினார். அந்த அவகாசத்தின் பெறுமதியை இவர் அனுபவத்தால் அறிந்திருந்தார்.

2. வியன்னாவில் கிடைத்த திருப்பம்

1927 இல், நண்பர் பீற்றர் புளோஸ் இவரை வியன்னாவுக்கு அழைத்தார். அங்கு சிறிய பாடசாலை ஒன்றில் இவர் ஆசிரியரானார். அப்பாடசாலை, உளப்பகுப்பாய்வின் தந்தை எனப்படும் சிக்மண்ட் பிராய்ட்டின் வட்டத்தோடு தொடர்புடையது. பிராய்ட்டின் மகள் அன்னா பிராய்ட், பிள்ளைகளை விளங்கிக்கொள்ளும் ஆற்றல் இவரிடம் இருப்பதைக் கண்டு பயிற்சியளித்தார். அதேவேளை இவர் மொண்டிசோரிக் கல்விமுறையிலும் தகைமை பெற்றார்.

1930 இல் கனடாவைச் சேர்ந்த ஜோன் சேர்சன் என்பவரை மணந்தார். ஜோன் இவருடைய நூல்களைத் திருத்துவதிலும் கொள்கையை உருவாக்குவதிலும் வாழ்நாள் முழுவதும் பங்குகொண்டார். 1933 இல் இவர் வியன்னா உளப்பகுப்பாய்வு நிறுவகத்தில் பயிற்சியை நிறைவு செய்தார். அதே ஆண்டு ஜேர்மனியில் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார். எரிக்சன் குடும்பம் டென்மார்க் வழியாக அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தது.

3. அமெரிக்காவில் ஆய்வுப் பணி

பொஸ்டன் நகரில் பிள்ளைகளுக்கான உளப்பகுப்பாய்வாளராகப் பணி தொடங்கிய எரிக்சன், பின்னர் யேல் பல்கலைக்கழகத்திலும் பணியாற்றினார். 1938 இல் தென் டக்கோட்டா மாநிலத்தின் பைன் றிட்ஜ் பகுதிக்குச் சென்று, சியூ எனப்படும் பழங்குடி மக்களின் பிள்ளைகளை அவதானித்தார். அப்பிள்ளைகள் பாடசாலையில் ஆர்வமின்றி ஒதுங்கியிருந்தனர். அவர்களைச் சோம்பேறிகள் என்று அரச ஆசிரியர்கள் கருதினர். எரிக்சன் வேறு காரணத்தைக் கண்டார். வீட்டில் கற்றவை, காட்டெருமை வேட்டையாடி வாழ்ந்த முன்னோரின் பழக்கங்கள். பாடசாலை கற்பித்தவையோ வெள்ளையரின் பழக்கங்கள். ஒன்று மற்றொன்றை மறுத்தது. இரண்டுக்கும் இடையில் பிள்ளை தன் அடையாளத்தை இழந்தது. குறை பிள்ளையில் இல்லை, சூழலில் உள்ளது என்பதே இவ்வாய்வின் முடிபாகும்.

1939 இல் கலிபோர்னியாவுக்குச் சென்றார். அங்கு மீன்பிடித்து வாழ்ந்த யூறொக் பழங்குடியினரையும் ஆராய்ந்தார். அதே ஆண்டு அமெரிக்கக் குடியுரிமை பெற்றபோது, ஹோம்பேர்கர் என்ற குடும்பப் பெயரை நடுப்பெயராக்கி, எரிக்சன் என்ற புதிய பெயரைச் சூடிக்கொண்டார். எரிக்சன் என்பதன் பொருள் எரிக்கின் மகன் என்பதாகும். தந்தை யாரென்று அறியாதவர், தன்னையே தன் தந்தையாக்கிக்கொண்டார்.

இரண்டாம் உலகப் போரில் மனம் பாதிக்கப்பட்டுத் திரும்பிய போர்வீரர்களுக்கு இவர் சிகிச்சையளித்தார். அவர்களுள் பலர், தாம் யார் என்ற தொடர்ச்சியான உணர்வையே இழந்திருந்தனர். இந்நிலையைக் குறிக்க இவர் பயன்படுத்திய அடையாள நெருக்கடி என்ற தொடர் பின்னர் உலகெங்கும் வழக்கில் வந்தது.

1950 இல் பிள்ளைப் பருவமும் சமூகமும் என்ற இவருடைய முதல் நூல் வெளிவந்தது. அக்காலத்தில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம், தாம் கம்யூனிஸ்டுகள் அல்லர் என விரிவுரையாளர்கள் சத்தியம் செய்ய வேண்டும் என வற்புறுத்தியது. எரிக்சன் கம்யூனிஸ்டு அல்லர். எனினும் அவ்வற்புறுத்தலை எதிர்த்து, அண்மையில் கிடைத்த பேராசிரியர் பதவியை விட்டு விலகினார். பின்னர் மசச்சூசெற்ஸில் ஒஸ்ரின் றிக்ஸ் நிலையத்தில் இளைஞர்களுக்குச் சிகிச்சையளித்தார். 1960 முதல் 1970 வரை ஹாவார்ட்டில் பேராசிரியராக விளங்கினார்.

4. உளசமூக விருத்திக் கொள்கை

பிராய்ட் உடல்சார்ந்த உந்தல்களையும் முதல் சில ஆண்டுகளையும் முதன்மைப்படுத்தினார். எரிக்சன் அவற்றோடு சமூக உறவுகளையும் சேர்த்து, வாழ்நாள் முழுவதையும் எட்டுப் பருவங்களாக வகுத்தார். ஒவ்வொரு பருவத்திலும் இரு எதிரான உணர்வுகளிடையே ஒரு நெருக்கடி தோன்றும். நெருக்கடி என்றால் ஆபத்து என்று பொருள் கொள்ளக்கூடாது. அது ஒரு திருப்புமுனை. அதை நன்கு கடப்பவரிடம் ஓர் உளப்பலம் உருவாகும். (கீழே தரப்படும் வயதெல்லைகள் அண்ணளவானவை.)

(1) பிறப்பு – 1 வயது: நம்பிக்கை எதிர் அவநம்பிக்கை. அழும்போது பால் கிடைக்கிறதா, தூக்குவதற்குக் கை வருகிறதா என்பதே குழந்தையின் உலகம். கிடைக்கும் உளப்பலம்: எதிர்காலத்தில் நம்பிக்கை.
(2) 1 – 3 வயது: தன்னாட்சி எதிர் வெட்கமும் ஐயமும். தானே உண்ண, தானே நடக்க முயலும் பருவம். உளப்பலம்: மனவுறுதி.
(3) 3 – 6 வயது: முன்முயற்சி எதிர் குற்றவுணர்வு. விளையாட்டும் ஓயாத கேள்விகளும். உளப்பலம்: நோக்கம்.
(4) 6 – 12 வயது: உழைப்பூக்கம் எதிர் தாழ்வுணர்வு. பாடசாலை வேலைகளில் தன்னால் முடியும் என்ற உணர்வு தேவைப்படும். உளப்பலம்: திறமை.
(5) 12 – 18 வயது (கட்டிளமைப் பருவம்): அடையாளம் எதிர் வகிபாகக் குழப்பம். உளப்பலம்: பற்றுறுதி.
(6) இளம் வளர்ந்தோர் பருவம்: நெருக்கம் எதிர் தனிமை. உளப்பலம்: அன்பு.
(7) நடுத்தர வயது: அடுத்த தலைமுறையை ஆளாக்குதல் எதிர் தேக்கம். உளப்பலம்: பராமரிப்பு.
(8) முதுமைப் பருவம்: நிறைவு எதிர் விரக்தி. உளப்பலம்: ஞானம்.

இவற்றுள் ஐந்தாவது பருவம் உங்களுடையது. எந்தப் பாடத்துறை, எந்தத் தொழில், எத்தகைய நண்பர், எவற்றை நம்புவது என்ற கேள்விகள் எல்லாம் ஒரே காலத்தில் வந்து சேரும். அதனால் குழப்பம் வருவது நோயன்று, விருத்தியின் ஓர் அங்கமேயாகும். பரீட்சைப் பெறுபேறு உங்கள் அடையாளத்தின் ஒரு பகுதி மட்டுமே. அது முழு அடையாளமுமன்று என்பதை, பட்டமில்லாத இந்தப் பேராசிரியரின் வாழ்க்கையே காட்டுகின்றது.

5. எரிக்சனின் ஆய்வு முறைகள்

(அ) அவதானம்: கலிபோர்னியாவில் கட்டிளமைப் பருவத்தை நெருங்கிய பிள்ளைகளுக்கு விளையாட்டுப் பொருள்களைக் கொடுத்து, ஒரு திரைப்படக் காட்சியை மேசையில் அமைக்கச் சொன்னார். அவர்கள் அமைத்த விதத்தைப் பதிவு செய்து ஆராய்ந்தார்.
(ஆ) தனியாள் ஆய்வு: சிகிச்சைக்கு வந்த ஒவ்வொருவரின் வரலாற்றையும் ஆழமாக ஆராய்தல்.
(இ) களஆய்வு: சியூ, யூறொக் மக்களின் வாழ்விடங்களுக்கே சென்று தகவல் திரட்டல்.
(ஈ) நெடுங்கால ஆய்வு: ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து ஆராய்தல். மேற்படி விளையாட்டு ஆய்வு, கலிபோர்னியாவில் 1928 இல் ஜீன் மக்ஃபார்லேன் தொடங்கிய நெடுங்கால ஆய்வு ஒன்றின் பகுதியாகும். வெவ்வேறு வயதினரை ஒரே நேரத்தில் ஒப்பிடுவது குறுக்குவெட்டு ஆய்வு. இவ்விரண்டையும் மாற்றி எழுதிவிடாதீர்கள்.
(உ) வாழ்க்கை வரலாற்று ஆய்வு: 1958 இல் மார்ட்டின் லூதரைப் பற்றியும், 1969 இல் மகாத்மா காந்தியைப் பற்றியும் நூல்கள் எழுதினார். 1918 இல் அகமதாபாத்தில் நடந்த ஆலைத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தை மையமாகக் கொண்டது காந்தி பற்றிய நூல். அப்போது காந்திக்கு வயது 48. அதாவது ஏழாவது பருவம். வேலைநிறுத்தத்தின்போது காந்திக்கு எதிர்ப்பக்கத்தில் நின்ற ஆலை முதலாளி அம்பாலால் சாராபாயை எரிக்சன் இந்தியாவில் நேரில் சந்தித்தார். 1970 இல் இந்நூலுக்குப் புலிற்சர் பரிசு கிடைத்தது.

6. வாழ்வில் ஒரு வடு

எரிக்சனுக்கு நான்கு பிள்ளைகள். கடைசி மகன் நீல், 1944 இல் டவுண் சின்ட்றோம் என்னும் பிறவி நிலையோடு பிறந்தான். இத்தகைய குழந்தைகளை வீட்டில் வளர்க்காமல் நிலையங்களில் ஒப்படைக்குமாறு அக்கால அமெரிக்க மருத்துவர்கள் பெற்றோருக்குக் கூறுவது வழக்கம். பிரசவத்தின் பின் ஜோன் மயக்கம் தெளியாதிருந்த நிலையில், எரிக்சன் அதற்கு உடன்பட்டார். வீட்டிலிருந்த இளைய பிள்ளைகளுக்குக் குழந்தை பிறக்கும்போதே இறந்துவிட்டது என்று சொல்லப்பட்டது. நீல் குடும்பத்தோடு வாழாமலே 1965 இல் இறந்தான்.

தன் பிறப்பைப் பற்றிய உண்மை மறைக்கப்பட்டதால் வாழ்நாள் முழுவதும் வருந்தியவர் எரிக்சன். அவரே தன் பிள்ளைகளிடம் ஒரு பிறப்பைப் பற்றிய உண்மையை மறைத்தார். பிறந்த குழந்தைக்கு முதலில் வேண்டியது நம்பிக்கை என்று எழுதியவரின் வீட்டிலேயே இது நடந்தது. ஆரோக்கியமான விருத்தி எப்படி அமையும் என்ற சிந்தனையில் இத்தம்பதியர் ஆழ்ந்திருந்த ஆண்டுகளும் இவையே. இதைக் கூறுவது அவரைத் தாழ்த்துவதற்கன்று. வயது வந்தவர்களும் தவறக்கூடியவர்கள், அவர்களும் இன்னும் விருத்தியடைந்துகொண்டே இருப்பவர்கள் என்பது அவருடைய கொள்கையின் சாரமே. இன்று டவுண் சின்ட்றோம் உள்ள பிள்ளைகள் குடும்பத்தில் வளர்ந்து, பாடசாலை சென்று, தொழிலும் செய்ய முடிகின்றது.

7. கொள்கை மீதான விமர்சனங்களும் வளர்ச்சியும்

(அ) கருத்துகள் பரந்தவை. அவற்றை அளந்து பரிசோதிப்பது கடினம். எனினும் 1966 இல் ஜேம்ஸ் மார்சியா, நேர்காணல் மூலம் இளைஞரின் அடையாள நிலையை நான்காக வகைப்படுத்தி இக்குறையைக் குறைத்தார்.
(ஆ) ஆண்களின் வாழ்க்கையை அளவுகோலாகக் கொண்டது என, எரிக்சனோடு ஹாவார்ட்டில் பணியாற்றிய கரோல் கில்லிகன் 1982 இல் விமர்சித்தார்.
(இ) பருவங்களின் வயதும் ஒழுங்கும் எல்லாச் சமூகங்களுக்கும் ஒரேமாதிரிப் பொருந்துமா என்ற வினாவும் எழுப்பப்பட்டது.

எரிக்சன் 1994 ஆம் ஆண்டு மே மாதம் 12 ஆம் திகதி, 91 ஆவது வயதில், மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் ஹார்விச்சில் காலமானார். தொண்ணூறு வயதை அண்மித்தோரின் அனுபவங்களைக் கொண்டு, ஒன்பதாவது பருவம் ஒன்றை ஜோன் பின்னர் சேர்த்து எழுதினார். அது 1997 இல் வெளிவந்தது.

பரீட்சைக் குறிப்பு

பல மாணவர் பருவத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு நிறுத்துகின்றனர். பருவம், நெருக்கடி, உளப்பலம், அன்றாட உதாரணம் ஆகிய நான்கையும் எழுதுங்கள். பிராய்ட் உளப்பாலியல் கொள்கை, எரிக்சன் உளசமூகக் கொள்கை என்ற வேறுபாட்டையும் மறவாதீர்கள்.

மாதிரி வினாக்கள்

1. கட்டிளமைப் பருவத்துக்குரிய நெருக்கடி யாது? (விடை: அடையாளம் எதிர் வகிபாகக் குழப்பம்)
2. ஒரே பிள்ளைகளைப் பல ஆண்டுகள் பின்தொடரும் ஆய்வு எவ்வாறு அழைக்கப்படும்? (விடை: நெடுங்கால ஆய்வு)
3. சியூ பிள்ளைகள் பாடசாலையில் ஆர்வமின்றி இருந்தமைக்கு எரிக்சன் கண்ட காரணம் யாது? (விடை: வீட்டு விழுமியங்களும் பாடசாலை விழுமியங்களும் முரண்பட்டமை)
4. எரிக்சனின் இளமைக்கால அனுபவங்கள் அவருடைய கொள்கையில் செல்வாக்குச் செலுத்தியமையை இரு உதாரணங்களுடன் விளக்குக.
5. உங்கள் வீட்டில் உள்ள முதியவர் ஒருவரின் வாழ்க்கையை அவரிடமே கேட்டறிந்து, அவர் கடந்து வந்த இரு நெருக்கடிகளை எரிக்சனின் பருவங்களோடு ஒப்பிட்டு எழுதுக.

ஐந்தாவது வினாவுக்குப் புத்தகத்தில் விடை இல்லை. அம்மம்மாவோ அப்பப்பாவோ ஓய்வாக இருக்கும் ஒரு மாலைநேரத்தில் அருகில் அமர்ந்து கேளுங்கள். தன் வாழ்க்கையைச் சொல்வதற்கு ஒருவர் கிடைப்பது எட்டாவது பருவத்தில் உள்ளவருக்கும் நிறைவு தரும். கேட்கும் உங்களுக்கோ, நீங்கள் யார் என்பதன் ஒரு பகுதி அங்கிருந்து கிடைக்கும்.