தொழிலாளர் நலம் பேணிய பெருந்தகை ஜாம்ஷெட்ஜி டாட்டா

பொருள் ஈட்டியோர் பலர். ஈட்டிய பொருளை அறவழியில் செலவிட்டோர் சிலர். பொருளை ஈட்டும் வழியையே அறவழியாக அமைத்துக் கொண்டோர் மிகச் சிலரே. அந்த மிகச் சிலருள் ஒருவராக வைத்து எண்ணத்தக்கவர், இந்தியத் தொழில்துறையின் தந்தை எனப் போற்றப்பெறும் ஜாம்ஷெட்ஜி நசர்வாஞ்சி டாட்டா அவர்கள். தம்மிடம் பணிபுரிந்தோரின் நலத்தில்தான் தம் தொழிலின் நலமும் அடங்கியுள்ளது என்பதைச் சொல்லால் மட்டுமன்றிச் செயலாலும் காட்டியவர் அவர்.

குஜராத் பகுதியிலுள்ள நவசாரி என்னும் ஊரில், 1839ஆம் ஆண்டு மார்ச் திங்கள் 3ஆம் நாள், பார்சி இனத்துப் புரோகிதர் மரபில் அவர் தோன்றினார். அம்மரபில் முதன்முதலாக வணிகத்தில் இறங்கியவர் அவருடைய தந்தையார் நசர்வாஞ்சி. பதினான்காம் வயதில் பம்பாய் சென்ற ஜாம்ஷெட்ஜி, எல்பின்ஸ்டன் கல்லூரியில் பயின்று 1858ஆம் ஆண்டில் தேர்ச்சி பெற்றுத் தந்தையாரின் வணிகத்தில் சேர்ந்தார்.

இளமையிலேயே அவருக்கு ஒரு பெருஞ்சோதனை வாய்த்தது. அமெரிக்க உள்நாட்டுப் போர் 1865ஆம் ஆண்டில் முடிவுற்றதும் இந்தியப் பஞ்சின் விலை திடீரெனச் சரிந்தது. பம்பாய் வணிகர் பலர் ஒரே நாளில் ஓட்டாண்டிகள் ஆயினர். அவ்வேளையில் இலண்டனில் இருந்த ஜாம்ஷெட்ஜி ஓடி ஒளியவில்லை. கடன் கொடுத்தோரை நேரில் கண்டு நிறுவனத்தின் நிலையை மறைக்காமல் எடுத்துரைத்தார். அவருடைய நேர்மையைக் கண்ட அவர்கள், நிறுவனத்தின் கணக்குகளைத் தீர்க்கும் பொறுப்பை அவரிடமே ஒப்படைத்தனர். தந்தையாரும் தம் வீட்டை விற்றுக் கடன் அடைத்தார். நம்பிக்கையே வணிகத்தின் முதல் முதலீடு என்னும் பாடத்தை ஜாம்ஷெட்ஜி அங்குக் கற்றார்.

1868ஆம் ஆண்டில் 21,000 ரூபாய் முதலுடன் தமக்கென ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கிய அவர், பின்னர் இங்கிலாந்தின் லங்காஷயர் பகுதிக்குச் சென்று பஞ்சாலைத் தொழிலை நுணுகி ஆராய்ந்தார். பம்பாயிலேயே ஆலைகளை நிறுவுவது அந்நாளைய வழக்கம். அவரோ பருத்தி விளையும் நிலத்தின் நடுவே, நாகபுரியைத் தேர்ந்தெடுத்தார். அங்கே ஆலை வைப்பது பொன்னைக் குழியில் இட்டு மூடுவதாகும் என்று எண்ணிய உள்ளூர் லேவாதேவிக்காரர் ஒருவர் கடன் தர மறுத்துவிட்டார். மண்ணை இட்டுப் பொன்னை எடுத்தவர் ஜாம்ஷெட்ஜி என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டதாக வரலாறு கூறுகின்றது.

15 இலட்சம் ரூபாய் முதலுடன் 1874ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற நிறுவனத்தின் எம்பிரஸ் ஆலை, 1877ஆம் ஆண்டு சனவரி முதல் நாளன்று திறக்கப்பெற்றது. அதன் மேலாளராக அவர் அமர்த்திய பேஜன்ஜி தாதாபாய் மேத்தா இரயில்வேயில் பணியாற்றியவர். பஞ்சாலையைப் பற்றி ஏதும் அறியாதவர். எனினும், அவருடைய உழைப்பையும் ஒழுக்கத்தையும் கண்டு ஜாம்ஷெட்ஜி அவரைத் தேர்ந்தார். தொழில்நுட்பத்திற்கு ஜேம்ஸ் புரூக்ஸ்பி என்னும் ஆங்கிலேய வல்லுநரை வைத்தார். தக்காரைத் தேர்ந்து, தேர்ந்த பின் அவரை முழுமையாக நம்பிப் பொறுப்பை விடுவது அவருடைய தலைமைப் பண்பாகும்.

ஆயினும் தொடக்கம் இனிதாக அமையவில்லை. முதலில் வாங்கிய இயந்திரங்கள் தரங்குறைந்தவையாக இருந்தன. ஆலை திறந்த அதே ஆண்டில் கூலி விகிதம் குறித்து நெசவாளர் வேலைநிறுத்தம் செய்தனர். இந்திய வரலாற்றில் பதிவாகியுள்ள தொடக்ககால வேலைநிறுத்தங்களுள் அது ஒன்றாகும். அன்றியும், நாள்தோறும் தொழிலாளருள் ஏறத்தாழ ஐவரில் ஒருவர் வேலைக்கு வருவதில்லை. நிலத்தோடும் ஊரோடும் பிணைந்து வாழ்ந்த மக்களுக்கு ஆலைச் சங்கொலிக்குக் கட்டுப்பட்ட வாழ்வு புதிது. அன்றாடத் தேவைக்குக் கூலி கிடைத்துவிட்டால் மறுநாளும் ஆலைக்கு வர அவர்களுக்குக் காரணம் ஏதும் இருக்கவில்லை.

இத்தகைய நிலையில் அபராதம் விதிப்பதும் ஆளை நீக்குவதும் அந்நாளைய முதலாளிகளின் வழக்கமாகும். ஜாம்ஷெட்ஜி வேறு வகையில் சிந்தித்தார். வராதவனை வெறுப்பதை விடுத்து, அவன் விரும்பி வருவதற்குரிய காரணத்தை உண்டாக்க முற்பட்டார். 1886ஆம் ஆண்டில் ஓய்வூதிய நிதி ஏற்பட்டது. 1895ஆம் ஆண்டில் விபத்துக்கு இழப்பீடு வழங்கும் முறை வந்தது. 1901ஆம் ஆண்டில் சேமநிதி தொடங்கப்பெற்றது. ஆண்டுதோறும் பரிசளிப்பு விழா நடத்தி, சிறப்பாகப் பணியாற்றியோருக்குக் கடிகாரம், பொற்சங்கிலி, துணி, ரொக்கம் முதலியவற்றை ஊரறிய வழங்கினர்.

இவற்றின் உட்பொருளை எண்ணிப் பார்த்தல் வேண்டும். அன்றாடக் கூலி இன்றைய பசியைத் தீர்க்கும். ஆனால் முதுமையைப் பற்றிய அச்சத்தைத் தீர்க்காது. இயந்திரத்தில் கை சிக்கினால் குடும்பம் தெருவில் நிற்குமே என்னும் கவலையையும் தீர்க்காது. அச்சத்தோடு நிற்கும் மனிதனின் கை மட்டுமே வேலை செய்யும். மனம் வேறிடத்தில் இருக்கும். அவ்வச்சத்தை அகற்றியதன் வாயிலாகத் தொழிலாளியின் கையோடு மனத்தையும் ஆலைக்கு அழைத்து வந்தார் ஜாம்ஷெட்ஜி.

நாகபுரியின் வறண்ட வெப்பத்தில் நூல் அடிக்கடி அறும், தொழிலாளரும் சோர்வர். ஆகவே காற்றோட்ட வசதிகளையும், காற்றில் ஈரப்பதம் காக்கும் சாதனங்களையும், தீ மூண்டால் நீர் தெளிக்கும் கருவிகளையும் அவர் அமைத்தார். ஒரே ஏற்பாட்டினால் மனிதரும் நலமுற்றனர், நூலும் தரமுற்றது. வளைய முறையில் நூற்கும் புதிய இயந்திரங்களையும் லங்காஷயர் முதலாளிகள் தயங்கி நின்ற காலத்திலேயே வரவழைத்தார். நல்ல கருவியும் நிலைத்து நின்ற தொழிலாளரும் ஒன்று சேரவே, எம்பிரஸ் ஆலை நாட்டின் தலைசிறந்த ஆலைகளுள் ஒன்றாக உயர்ந்தது.

இதன் பயன் 1886ஆம் ஆண்டிலேயே தெரிந்தது. பம்பாய்க்கு அருகே குர்லாவில் நலிந்து கிடந்த தரம்சி ஆலையை 12.5 இலட்சம் ரூபாய்க்கு வாங்கிச் சுதேசி ஆலை எனப் பெயரிட்டார். பழுதான இயந்திரங்களால் நட்டம் பெருகிப் பங்குகளின் விலை வீழ்ந்தது. ஜாம்ஷெட்ஜி தம் சொந்தப் பங்குகளை விற்றுப் பணம் திரட்டி ஆலையைத் தாங்கினார். நாகபுரியில் பயின்ற கைகள் அங்கு உதவிக்கு வந்தன. நலிந்த ஆலை நிமிர்ந்தது. இடர் வந்தபோது தலைவனே முதலில் தன் பொருளை இழக்க முன்வந்தமை அங்குப் பணிபுரிந்தோர்க்கு ஒரு பாடமாயிற்று.

தாம் பிறரினும் கொடையாளர் என்று அவர் என்றும் உரிமை பாராட்டியதில்லை. பங்குதாரரின் நலனைத் தம் நலனாகவும், பணியாளரின் உடல்நலத்தையும் வாழ்வையும் தம் வளத்தின் அடித்தளமாகவும் கொள்வதே சீரிய தொழில்முறை என்பது அவர் கருத்து. தொழிலாளர் நலனை அவர் இரக்கத்தால் இடும் பிச்சையாகக் கருதவில்லை, கடமையாகவே கொண்டார்.

எஃகு ஆலை நிறுவ வேண்டும் என்பது அவருடைய பெருங்கனவு. ஆலைக்கு இடமே கிடைத்திராத 1902ஆம் ஆண்டில், தம் மகன் தோராப்ஜிக்கு எழுதிய மடலில், தொழிலாளர் வாழப்போகும் நகரின் வீதிகள் அகலமாக இருக்க வேண்டும், விரைந்து வளரும் நிழல் மரங்கள் நட வேண்டும், பூங்காக்களும் விளையாட்டுத் திடல்களும் அமைய வேண்டும், இந்துக் கோயில்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் தேவாலயங்களுக்கும் இடம் ஒதுக்க வேண்டும் என்று அறிவுறுத்தினார். உழைப்பவன் உடல் மட்டுமன்று. வழிபடும் உள்ளமும் உடையவன் என்பதை அவர் உணர்ந்திருந்தார்.

அந்நகரைக் காண அவர் இருக்கவில்லை. 1904ஆம் ஆண்டு மே திங்கள் 19ஆம் நாள் ஜெர்மனியின் பாட் நௌஹைம் நகரில் அவர் உயிர் நீத்தார். அவருக்குப் பின் 1907ஆம் ஆண்டில் எஃகு நிறுவனம் தோன்றியது. 1912ஆம் ஆண்டில் எஃகு வார்க்கப்பெற்றது. பஞ்சாலைகளில் ஆண்களிடம் நாளொன்றுக்கு 12 மணி நேரம் வேலை வாங்கச் சட்டம் இடமளித்த அக்காலத்தில், அந்த ஆலையில் எட்டு மணி நேர வேலை நடைமுறைக்கு வந்தது. 1919ஆம் ஆண்டில் அந்நகர் ஜாம்ஷெட்பூர் எனப் பெயர் பெற்றது.

எனினும், 1920, 1922, 1928 ஆகிய ஆண்டுகளில் அதே நகரில் பெரும் வேலைநிறுத்தங்கள் நிகழ்ந்தன என்பதையும் மறத்தலாகாது. ஒரு தலைவரின் நற்பண்பு பின்வருவோர்க்குத் தானாக வந்து சேரும் சொத்தன்று. அதனை ஒவ்வொரு தலைமுறையும் புதிதாக ஈட்டியாக வேண்டும்.

எம்பிரஸ் ஆலை இன்று இயங்கவில்லை. ஆனால் அங்கு ஒருவர் மனமுவந்து செய்தவை பின்னர் நாடுகளின் சட்டங்களாயின. இந்தியாவில் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம் 1923ஆம் ஆண்டில்தான் வந்தது. மலாயாவில் ஊழியர் சேமநிதி 1951ஆம் ஆண்டிலும், சிங்கப்பூரில் மத்திய சேமநிதி 1955ஆம் ஆண்டிலும் தொடங்கப்பெற்றன.

சட்டம் சொல்வதைச் செய்பவர் குற்றமற்ற முதலாளி ஆகலாம். சட்டம் சொல்லுமுன் செய்பவரே தலைவர் ஆகின்றார். கடையில் இருவரை வைத்திருப்பவரும், தொழிற்சாலையில் இருநூறு பேரை மேய்ப்பவரும், பொது அமைப்பில் தொண்டரை நடத்துபவரும், தம் கீழ் உள்ள ஒருவர் வராத நாளில் அவர் ஏன் வரவில்லை என்று முதலில் வினவுவாராயின், ஜாம்ஷெட்ஜி டாட்டா அவர்களின் வாழ்வு அங்கே பயன் தந்ததாகும்.